பஞ்சாங்கம் பதிந்த கசெற்

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கத்தவர் ஒருவர் இறந்துபோனால், அவருடைய கொம்பியூட்டரை வீட்டார் அட்டைப்பெட்டியில் போட்டு மண்டபத்துக்குக் கொண்டுவந்து தருவார்கள். அடுத்த கூட்டத்தில் அதை நடு மேசையில் வைத்து, பழைய ரீவி ஒன்றோடு பொருத்தி, சுவிச்சைப் போடுவோம். ஒருவரும் பேசுவதில்லை. திரை மெல்ல வெளிக்கும். மூலையில் ஒரு சின்னச் சதுரம் மின்னி மின்னி மறையும். யாராவது ஏதாவது தட்டுவார்கள் என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போவோம். திரும்பி வரும்போதும் அது மின்னிக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை அதைக் கண்டபோது எனக்கு உடம்பு கூசியது. வாய்க்குள் நமச்சிவாய சொல்லிக்கொண்டேன்.

மண்டபம் சிட்னியில், பரமட்டாவில், ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூடுவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் வீடுகளுக்கென்று விற்ற ஒரு வகைக் கொம்பியூட்டர்தான் எங்களைச் சேர்த்தது. தட்டும் பலகையும் மூளையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். எழுதிய புரோகிராமை ரேப் ரெக்கோடரில் சாதாரணக் கசெற்றில் சத்தமாகப் பதிந்து வைத்து, திரும்ப அதிலிருந்தே ஏற்றவேண்டும். அதைச் செய்தவர்கள் எப்போதோ கடையைப் பூட்டிவிட்டார்கள். உதிரிச் சாமான் எங்கும் கிடையாது. ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டு, பதினைந்து இருபது பேர் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தோம்.

நான் படித்தவனல்ல. எட்டாம் வகுப்போடு நின்றவன். எண்பத்து நான்கில் மனைவியோடு சிட்னிக்கு வந்து, வெஸ்ட்மீட்டில் ஆசுபத்திரித் துணிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனேன். அங்கே கூட வேலை செய்த ஒருத்தி, வீட்டில் சும்மா கிடக்கிறது என்று சொல்லித்தான் அந்தக் கொம்பியூட்டரை எனக்குத் தந்தாள். அதோடு வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால் தட்டிப் பழகினேன். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும் என்று கண்டதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. பஞ்சாங்கம் செய்ய வேண்டும்.

அந்தக் காலத்தில் ஊர்ப் பஞ்சாங்கம் தபாலில் வந்து சேர ஆண்டு பாதி போய்விடும். வந்தாலும் எங்கள் நேரத்துக்குப் பொருந்தாது. விரதம் என்றைக்கு, திதி என்றைக்கு என்று தெரியாமல் சனங்கள் ஆளையாள் ரெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த இரண்டு மூன்று பழைய பஞ்சாங்கங்களை வைத்து நிலாவின் கணக்கை ஒரு புரோகிராமாக எழுதினேன். பிழைக்கும், திருத்துவேன், திரும்பப் பிழைக்கும். ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது சரியாக வந்தது. மாதிரிக்கு அன்றைய நாளையே கொடுத்துப் பார்த்து, அப்படியே கசெற்றில் பதிந்தேன். அதனால் எப்போது ஏற்றினாலும் முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் திதிதான் திரையில் வரும். நாள், கிழமையோடு ஆங்கில எழுத்தில், ஆனி அபரபக்கச் சதுர்த்தசி, அதாவது தேய்பிறைச் சதுர்த்தசி, என்று. அதற்குப் பிறகுதான் வேறு நாள் கேட்கும். அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. வாசலில் நின்று வா என்று சொல்லும் ஆளைப்போல இருந்தது.

இனி அந்தக் கசெற்றைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்போது ஊரிலிருந்து கடிதம் எழுதுவதைவிடக் கசெற்றில் பேசி அனுப்புவது வழக்கமாயிருந்தது. எங்கள் வீட்டுக்கு என் தம்பிதான் பேசி அனுப்புவான். கிணற்று மோட்டர் பழுது, நாய் குட்டி போட்டது, ஆருக்குக் கலியாணம் என்று எல்லாம் சொல்லுவான். கடைசியில் அம்மாவிடம் கொடுப்பான். அம்மா எங்களுக்குத் திருநீறு பூசுவதுபோலக் கடவுளைக் கூப்பிட்டு வாழ்த்திவிட்டு நிறுத்துவா. அம்மா பேசி முடித்தால் கடிதம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். ஆகவே மற்றப் பக்கம் எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். அதை வீணாக்க எனக்கு மனம் வராது. கேட்டு முடிந்ததும் திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்தில் என் புரோகிராம்களைப் பதிந்துவிடுவேன். எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தவர்கள். ஒருவர் தன் கலியாணப் பிரசங்கத்துக்குப் பின்பக்கத்தில் சதுரங்கம் வைத்திருந்தார்.

பஞ்சாங்கத்தைத் தம்பியின் கடைசிக் கசெற்றின் பின்பக்கத்தில் பதிந்தேன். கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. அது வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முன்பக்கத்தைக் கேட்டோம். அம்மா வாழ்த்தினா. முடிந்தது.

அதன் பிறகு அம்மாவின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. தம்பி வீட்டை விட்டுப் போய்விட்டான், எங்கே என்று சொல்லவில்லை. சிலர் அவன் இந்தியாவுக்குக் கடல் தாண்டினான் என்றார்கள். சிலர் இராணுவத்திடம் பிடிபட்டான் என்றார்கள். சென்னையில் ஒரு சந்தியில் கண்டதாக ஒருவர் சத்தியம் பண்ணினார்.

இரண்டு வருடம் ஒரு செய்தியும் இல்லை. அப்போதுதான் அது நடந்தது.

அன்றைக்கு இரவு வேலை முடித்து, வேறு அலுவல்களும் பார்த்து மத்தியானம்தான் வந்திருந்தேன். படுக்கப் போகும் நேரத்தில் ஓர் அன்ரி ரெலிபோன் எடுத்து, கந்தசஷ்டி எப்போது தொடங்குகிறது என்று கேட்டா. பஞ்சாங்கத்தை ஏற்றிப் பார்த்துச் சொல்லிவிட்டு, ரேப் ரெக்கோடரை நிறுத்த மறந்து படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மனைவி என்னைத் தட்டி எழுப்பினாள். சமையலறையிலிருந்து வந்திருந்தாள்; கையில் கறிக்கு லீக்ஸ் வெட்டுகிற கத்தி.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. அந்த அறைக்குள்ள ஆரோ அண்ணை எண்டு கூப்பிட்டது."

"றேடியோவா இருக்கும், போம்."

"றேடியோ குசினிக்கயெல்லோ இருக்கு. எனக்கு முன்னால. அது பாடேல்லை."

"அப்ப பக்கத்து வீடு."

"பக்கத்து வீட்டில அந்தக் கிரேக்கக் கிழவி தனிய இருக்கிறா. அவ ஆரை அண்ணை எண்டு கூப்பிடப்போறா?"

எழும்பிப் போய்ப் பார்த்தேன். அறையில் ஒருவரும் இல்லை. யன்னல் பூட்டியிருந்தது. திரையில் நான் விட்டுப்போன திதி அப்படியே நின்றது. ரேப் ரெக்கோடர் முடிவுக்கு வந்து, விசை மேலே எழும்பி நின்றது. கொம்பியூட்டருக்குப் போகும் வயர் அதன் துளையில் பாதி கழன்றிருந்தது. சரியாக அமுக்கிவிட்டேன்.

"எப்பிடிக் குரல்?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நான் அவரைக் கலியாண வீட்டில ஒருக்காத்தான் கண்டனான்."

கத்தியோடு திரும்பிக் குசினிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் துண்டில் எழுதிக் கொடுத்தேன். ஐயர் வாசித்துவிட்டு, "இருக்கிறவருக்கு அருச்சனையோ, இல்லாதவருக்கு மோட்ச விளக்கோ?" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பத்தொன்பது இருபது வருடம் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. ஊரெல்லாம் என்னிடம் திதி கேட்டது. அப்பாவின் திதி, மாமியின் திதி, முகம் தெரியாதவர்களின் திதி எல்லாம் தட்டிச் சொன்னேன். என் தம்பிக்கு மட்டும் ஒரு நாள் இல்லை. நாள் இல்லாவிட்டால் பிண்டம் இல்லை, எள்ளும் தண்ணீரும் இல்லை. அம்மாவும் தொண்ணூறுகளில் வாசலைப் பார்த்தபடியே கண் மூடினா. கொள்ளி வைக்கவேண்டிய இரண்டு பேரும் அங்கே இல்லை.

என் கொம்பியூட்டர் ஒருமுறை பழுதானபோதுதான் சங்கத்தைத் தேடிப் போனேன். அதற்கு ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் திருநீறு பூசியிருந்தேன். அதைக் கண்டு முதலில் சிரித்தவர் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழர், கணக்காளர், வேதக்காரர்.

"என்னாண்ணே, கம்ப்யூட்டருக்குப் பட்டை போட்டு வச்சிருக்கீங்க? அப்போ என்னோடதுக்கு நான் ஞானஸ்நானம் குடுக்கணும்லா!"

"குடுங்கோ தம்பி. தண்ணியை மட்டும் உள்ளுக்கு விட்டுடாதேங்கோ."

அன்றிலிருந்து அவர் எனக்குப் பக்கத்துக் கதிரை.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சங்கத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். கசெற் நாடாக்கள் உக்கத் தொடங்கிவிட்டன. எல்லோருடைய கசெற்றுகளையும் புதுக் கொம்பியூட்டருக்குள் ஒலியாக எடுத்துச் சேமித்துவிட வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். முந்தி ரெலிபோன் திணைக்களத்தில் வயர் பூட்டினவர். அதிகம் பேசமாட்டார். புரோகிராமின் கீச்சிடலைக் காதால் கேட்டே, நாடாவில் எங்கே பழுது என்று சொல்லுவார். ஆயிரம் சிள்வண்டைத் தகரப் பேணிக்குள் அடைத்ததுபோன்ற அந்தச் சத்தத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

என் பெட்டியையும் கொடுத்திருந்தேன். தேத்தண்ணி நேரம். இறந்துபோன அங்கத்தவர் ஒருவருடைய திரையும் அன்றைக்கு நடு மேசையில் மின்னிக்கொண்டிருந்தது. ஈப்போக்காரர் வேகமாக வந்து என் தோளைப் பிடித்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"அண்ணே, வாங்க. உங்க பஞ்சாங்கம் முடிஞ்சும் டேப்பு ஓடுது. உள்ள ஒருத்தர் பேசுறாரு. உங்க ஊர்த் தமிழ்தான்."

கிழவர் தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். கீச்சுச் சத்தம் வெட்டியதுபோல் நின்றது. ஒரு மூச்சு. பிறகு, இருபது வருடமும் இடையில் இல்லாததுபோல, என் தம்பி.

"...அதாலை போற நாளைச் சொல்லிப்போட்டன், அண்ணை. போய்ச் சேர்ந்தா ஒரு மாசத்துக்குள்ள கடிதம் வரும். வராட்டி அந்த நாளையே வைச்சுக்கொள்ளுங்கோ. அம்மாட்டைச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டா. அவ படுத்திட்டா, அதுதான் இந்தப் பக்கத்தில மெல்லமாப் பேசுறன். அண்ணை, கேக்குதோ? மச்சாளைச் சுகம் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ. சரி, போட்டு வாறன்."

பிறகு வெறும் நாடா ஓடுகிற சத்தம்.

எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. அம்மாவுக்குப் பிறகு ஒருவரும் பேசக்கூடாது. ஆகவே அவன் மற்றப் பக்கத்துக்குப் போயிருக்கிறான். நான் திருப்பிக் கேட்கவில்லை. வயர் முழுக்கப் பொருந்தியிருந்தால் ரெக்கோடரின் சத்தம் வெளியே வராது; அன்றைக்கு என் மனைவி கேட்டது இதைத்தான், பாதி கழன்ற வயரால் கசிந்ததை. அவன் சொன்ன நாள் தொடக்கத்தில் இருந்தது. அதன் மேல்தான் நாலு நிமிடத்துக்கு என் பஞ்சாங்கத்தைப் பதிந்திருந்தேன். திதி சொல்லும் புரோகிராமால் என் தம்பியின் திதியை அழித்திருந்தேன்.

ஈப்போக்காரர் கிழவருக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். கிழவர் கசெற்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எந்த ரெக்கோடரில் பதிந்தாய் என்று கேட்டார். அது இன்னும் வீட்டில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவருடைய கராஜுக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். பழையதை அழிக்கிற பாகம் சரியாக வேலை செய்யாத மலிவுச் சாமான் என்றார். சோம்பேறி, ஒழுங்காகக் கூட்டவில்லை, தூசு மிச்சமிருக்கும் என்றார்.

புரோகிராம் நாடாவில் துண்டு துண்டாகத்தான் பதியும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில், ஒரு கண் இமைக்கிற அளவுக்குச் சத்தமில்லாத இடைவெளி இருக்கும். கீச்சிடலுக்கு அடியில் ஒன்றும் கேட்காது. ஆனால் அந்த இடைவெளிகளில், அழியாமல் மிஞ்சியது கேட்கலாம்.

நாலு சனிக்கிழமை அந்தக் கராஜில் இருந்தோம். கிழவர் ஒவ்வோர் இடைவெளியாக வெட்டி எடுத்து, இரைச்சலைக் குறைத்து, குரலைக் கூட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டார். முதலில் கேட்டது மூச்சுத்தான். பிறகு பாதிச் சொல். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனிதர், கேட்டதைக் கேட்டபடி தன் வாயால் சொல்லிப் பார்ப்பார். என் தம்பியின் இழுவை, அவன் சொல்லை முடிக்காமல் விழுங்குகிற விதம், எல்லாம் அந்த வெள்ளைக்காரக் கிழவரின் வாயிலிருந்து வந்தன. ஒருமுறை நான் எழும்பி வெளியே போய், அவருடைய எலுமிச்சை மரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன்.

இன்னொரு நாள் ஈப்போக்காரர் சும்மா பார்க்கலாம் என்று, பஞ்சாங்கம் முடிந்தபின் மிச்ச நாடாவையும் வாசிக்கும்படி கொம்பியூட்டரைக் கேட்டார். அது தம்பியின் குரலைப் புரோகிராம் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கியது. திரையில் எழுத்துகள் வந்தன. கேள்விக்குறி, ஓர் எண், ஒரு கோடு, திரும்பக் கேள்விக்குறி. அவன் மூச்சு விட்ட இடத்தில் அதுவும் நின்றது. அவன் தொடர அதுவும் தொடர்ந்தது.

"நிப்பாட்டுங்கோ தம்பி," என்றேன்.

அவர் நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

நாலாவது சனிக்கிழமை எங்களிடம் இருந்தவை இவ்வளவுதான். வள்ளம். நிலவு இல்லாம. பெடியள் நாலு பேர். ஒரு சிரிப்பு. கடைசியாக, இரண்டு இடைவெளிகளில் விழுந்திருந்த ஒரே சொற்றொடர்: "வாற அமாவாசைக்கு" என்று ஒன்றில், "முதல்நாள்" என்று மற்றதில்.

கடல் தாண்டுகிறவர்கள் நிலவில்லாத நாட்களைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு முந்தியே தெரியும். ஆனால் இருட்டு ஐந்தாறு நாள் இருக்கும். திதி ஒரு நாள். இப்போது அந்த ஒரு நாள் கிடைத்துவிட்டது. வாற அமாவாசை என்றால் எது? கசெற் வந்த கவரை அம்மாவின் கடிதங்களோடு வைத்திருந்தேன். தபால் முத்திரை ஆனி மாதத் தொடக்கத்தைக் காட்டியது.

வீட்டுக்கு வந்து மனைவியை அறைக்குள் கூப்பிட்டேன். கொம்பியூட்டரைப் போட்டுப் பஞ்சாங்கத்தை ஏற்றினேன். வழக்கம்போல முதலில் அந்த வரி வந்தது, ஆனி அபரபக்கச் சதுர்த்தசி. அதைத் தாண்டி, அந்த வருடத்து ஆனி அமாவாசைக்கு முதல்நாளைக் கேட்டேன். சற்று யோசித்து, அது பதிலை மேல் வரிக்குக் கீழே எழுதியது.

இரண்டு வரியும் ஒன்றாயிருந்தன. நாளும் ஒன்று, கிழமையும் ஒன்று.

மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிழைச்சுப்போச்சுதோ? திரும்ப அதே எல்லோ வந்திருக்கு."

"பிழைக்கேல்லை," என்றேன். "அண்டைக்குத்தான் நான் இதைப் பதிஞ்சனான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடற்கரைக்குப் போயிருக்கிறான். நான் இங்கே அவன் சொன்னதன் மேல் அந்த நாளையே எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும், ஆருடைய திதியைக் கேட்டாலும், அது முதலில் என் தம்பியின் திதியைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லியிருக்கிறது. நான் அதை வாசலில் நிற்கிற ஆள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். இதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. தற்செயல் என்று ஈப்போக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, தனக்கே நம்பிக்கையில்லை என்றும் சொன்னார். நான் சுவாமி அறைக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். நன்றிக்கும் பயத்துக்கும் அன்றைக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கோயிலில் ஐயர் மாறியிருந்தார், இளம் பிள்ளை. தன் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்து, நாள் சரிதான் என்றார். பிறகு அதே கேள்வியைக் கேட்டார்.

"மோட்ச விளக்கு, ஐயா," என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆனியிலும் அபரபக்கச் சதுர்த்தசிக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, வீட்டில் படைக்கிறோம். படையல் வைத்தபின் கசெற்றையும் போடுவேன். கிழவர் பிரதி எடுத்துத் தந்திருக்கிறார். ஆனாலும் அன்றைக்கு மட்டும் அந்த நாடாதான். பஞ்சாங்கம் கீச்சிட்டு ஏறும்வரை காத்திருப்பேன். அது முடிகிற நேரத்தில் என் மனைவி வந்து, வயரைத் துளையிலிருந்து பாதி இழுத்துவிடுவாள். அந்த மத்தியானம் கழன்றிருந்த அளவுக்குத்தான். அதற்கு மேல் சத்தம் வைக்க அவளுக்கு விருப்பமில்லை.

பிறகு அவள் குசினிக்குப் போய்விடுவாள். பாயசத்தைக் கிண்டிக்கொண்டு நிற்பாள். நான் அறையில் இருப்பேன். தம்பி தன் மச்சாளை, என் மனைவியை, சுகம் கேட்பான். சரி, போட்டு வாறன் என்று விடைபெறுவான்.

"ஓம், போட்டு வாங்கோ," என்று குசினிக்குள்ளிருந்து அவள் சொல்லுவாள்.